டாக்டர் சீட் கிடைக்கலையா? படிக்க வழி இருக்கு! பணம் கட்டும் முன் உஷார்!!

திருவண்ணாமலை:–

பிளஸ்–2 ரிசல்ட் வந்தால் போதும். பஸ் நிலைய சுவர், டீக்கடை தூண், மின்கம்பம் என்று எங்கே பார்த்தாலும் நோட்டீஸ் முளைத்து விடும். "நர்சிங் படிக்கலாம்!", "லேப் டெக்னீசியன் ஆகலாம்!", "100 சதவீதம் வேலை உறுதி!"

டாக்டர் சீட் கிடைக்காத மாணவ–மாணவிகள் அதை நின்று படிக்கிறார்கள். பக்கத்தில் அப்பா நிற்கிறார். "இதுல எது அசல், எது டூப்ளிகேட்டு?" என்பதுதான் அவருடைய கவலை.

நகையை அடகு வைத்து பணம் கட்டும் குடும்பத்துக்கு இது சாதாரண கேள்வி அல்ல. பிள்ளையின் நாலு வருட வாழ்க்கை இதில் இருக்கிறது. விவரம் வருமாறு:–

100 இடம் யாருக்கு?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013–ம் ஆண்டு 100 எம்.பி.பி.எஸ். இடங்களுடன் தொடங்கப்பட்டது. உள்ளூரில் கல்லூரி இருப்பதால் உள்ளூர் பிள்ளைகளுக்கு தனி இடம் உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. "நீட்" மார்க்கும், ரேங்க் பட்டியலும்தான் பேசும்.

ஆனால் ஆஸ்பத்திரியை டாக்டர் மட்டும் நடத்திவிட முடியுமா? ஊசி போட நர்சு வேண்டும். மருந்து கொடுக்க பார்மசிஸ்ட் வேண்டும். எக்ஸ்ரே எடுக்க, ரத்தம் பரிசோதிக்க, டயாலிசிஸ் மெஷினை ஓட்ட, கை–கால் விழுந்தவரை எழுந்து நடக்க வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் படித்த ஆள் வேண்டும்.

கார்த்திகை தீபத்தன்று 14 கிலோ மீட்டர் கிரிவலப்பாதையில் லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். வழியில் மருத்துவ முகாம்கள் போடப்படுகின்றன. மயங்கி விழுந்தவருக்கு முதலில் ஓடி வந்து நாடி பிடித்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு நர்சுதான்.

பழைய கதை

நர்சு படிப்புக்கும் இந்த வட்டாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் 3 பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்து விட்டார்கள். அதை நேரில் பார்த்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண், டாக்டருக்கு படித்து முடித்து திரும்பி வந்தார். 1900–ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

அங்கு 1909–ல் நர்சு பள்ளி வந்தது. 1946–ல் பி.எஸ்சி. நர்சிங் வந்தது. இந்தியாவில் நர்சுகளுக்கு பட்டப்படிப்பை முதன் முதலில் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று!

என்னென்ன படிப்பு?

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு படிப்பு. பிளஸ்–2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பாதி படிப்பு வகுப்பில், பாதி படிப்பு வார்டில். ராத்திரி டியூட்டியும் உண்டு. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்பவர்கள் முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

பி.பார்ம். படிப்பும் 4 ஆண்டுதான். இதில் உயிரியலுக்கு பதில் கணிதம் படித்தவர்களும் சேரலாம். பிசியோதெரபிக்கு 4 ஆண்டு வகுப்பு, அதற்கு மேல் பயிற்சி காலம். இவை தவிர ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், இதய நோய் பரிசோதனை என்று தனித்தனி பி.எஸ்சி. படிப்புகள் இருக்கின்றன.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக்கல்வி தேர்வுக்குழு விண்ணப்பம் வாங்கி கவுன்சிலிங் நடத்துகிறது. நர்சிங் இடங்கள் பிளஸ்–2 மார்க்கை வைத்தே நிரப்பப்பட்டு வந்துள்ளன. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் சொன்னதை நம்பாமல், அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டை படித்து பார்க்க வேண்டும்.

போலியை பிடிப்பது எப்படி?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிறது. 1988 முதல் இயங்குகிறது. கல்லூரி அதன் இணைப்பு பெற்றதா, எந்த படிப்புக்கு, எத்தனை இடத்துக்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு படிப்புக்கு அனுமதி வாங்கி விட்டு, அதே போர்டில் 5 படிப்பை எழுதி வைத்தால் மற்ற நாலும் செல்லாது.

படித்து முடித்தால் மட்டும் போதாது. நர்சு என்றால் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். பார்மசிஸ்ட் என்றால் பார்மசி கவுன்சிலில் பதிய வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்கே உரிமை என்கிறது 1948–ம் ஆண்டு பார்மசி சட்டம். மற்ற டெக்னீசியன் படிப்புகளுக்காக 2021–ல் தனி தேசிய கமிஷன் சட்டம் வந்தது. டெக்னீசியன் படிப்பு என்றால் குறைந்தது 2,000 மணி நேரம் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. "ஆறே மாதத்தில் பட்டம்" என்பது எப்படி நடக்கும்?

காமர்ஸ் குரூப் படித்த பெண்ணுக்கு "பி.எஸ்சி. நர்சிங் சீட் தர்றோம்" என்றால் உஷார்! "வீட்டிலிருந்தே நர்சு ஆகலாம்" என்றால் டபுள் உஷார்!!

தகுதி இல்லாதவர்கள் கையில் ஊசியும் ஸ்கேனும் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. 2018 டிசம்பரில் திருவண்ணாமலையில் ஒரு வீட்டில் அதிகாரிகள் அதிரடி சோதனை போட்டனர். சட்டவிரோதமாக ஸ்கேன் பார்த்து கருக்கலைப்பு செய்ததாக ஒரு பெண் கைது செய்யப்பட்டார். அவர் டாக்டருக்கு படித்தவர் அல்ல.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நோட்டீசில் போட்டிருப்பது போல நினைத்த மாத்திரத்தில் அல்ல. அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு 2012–ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அப்படி தேர்வான நர்சுகளே தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் இருந்து, நிரந்தரம் கேட்டு தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்ப சம்பளம் கையை கடிக்கும். இதையும் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும்.

ஜவ்வாதுமலை கிராமங்களில் இருந்தும், செங்கம், போளூர் பக்கத்து கிராமங்களில் இருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு பஸ் செலவும் ஒரு பாரம்தான். அரசு பள்ளியில் 6 முதல் பிளஸ்–2 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5–ந் தேதி தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவித்தொகை பற்றி கல்லூரியில் சேரும்போதே கேட்டு விட வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு...

* பல்கலைக்கழக இணைப்பு கடிதத்தை காட்டச் சொல்லுங்கள். "அப்புறம் காட்டுறோம்" என்றால் எழுந்து வந்து விடுங்கள்.

* கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். துண்டு சீட்டு ரசீது ஆகாது.

* ஒரிஜினல் சர்டிபிகேட்டை புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள்.

* பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை படுக்கை என்று கேளுங்கள். நோயாளியே இல்லாத இடத்தில் நர்சு படிப்பு படிக்க முடியாது.

* அங்கே 3–வது வருடம் படிக்கும் ஒரு மாணவியை தனியாக பார்த்து 5 நிமிடம் பேசுங்கள். நோட்டீசில் இல்லாத விவரமெல்லாம் அவரிடம் கிடைக்கும்.

இத்தனையும் விசாரிக்க இரண்டு நாள் ஆகலாம். பஸ் செலவு கொஞ்சம் ஆகலாம். போனால் போகட்டும். நாலு வருடம் கழித்து "இந்த பட்டம் செல்லாது" என்று கவுன்சில் கதவில் நின்று அழுவதை விட அது ரொம்ப மலிவு!