மினிக்காய்த் தீவில் சூரை தேடும் முறை

இலட்சத்தீவுகளின் தென்கோடியில் உள்ளது மினிக்காய். ஒன்பது பாகைக் கால்வாய் அதனை ஏனைய தீவுகளினின்றும், எட்டுப் பாகைக் கால்வாய் மாலத்தீவினின்றும் பிரிக்கின்றன. அத்தீவு மக்கள் தூண்டிற்கழி கொண்டு சூரை மீன் பிடிப்பதில் நெடுங்காலமாகத் தேர்ந்தவர்கள். பரந்த கடலில் எவ்விடம் நோக்கிப் படகைச் செலுத்துவது என்பதே அத்தொழிலின் முதற்கேள்வியாகும்.

பவளத்திட்டின் வெளிவிளிம்பைத் தாண்டியதும் கடல் செங்குத்தாக ஆழமாகிறது. நீரோட்டம் அங்கு மோதி மேலெழும்போது இரைப்பொருள்கள் திரள்வதுண்டு. அவற்றை நாடிச் சிறுமீனும், சிறுமீனை நாடிச் சூரையும் வரும். வட்டமிட்டு நீரில் பாயும் கடற்பறவைகள் மீன் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். மிதக்கும் மரக்கட்டைகளின் அடியிலும் சூரை கூடும். இவ்வியல்பை அறிந்தே மாலத்தீவில் 1980-களில் ஆழ்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளை அமைக்கத் தொடங்கினர்.

இடம் வாய்த்தால் மட்டும் போதாது. உயிருள்ள சிறுமீனை இரையாக வீசி, நீரைத் தூவி, சூரைக் கூட்டத்தைப் படகருகே நிறுத்த வேண்டும். அவ்விரைமீன் கிடைப்பதோ பவளத்திட்டு சூழ்ந்த உட்கழியில். நெசவாளருக்கு நூல் எவ்வாறோ, அவர்களுக்கு இரைமீன் அவ்வாறு. அது இல்லையேல் படகு கரையிலேயே கிடக்கும்.

1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்து இலட்சத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளிறின. பவளம் குன்றின், அதனை அண்டி வாழும் இரைமீனும் குன்றும். ஒரு படகினர் அளவு மீறி இரை வாரினாலும் இழப்பு அனைவருக்குமே. மீன் கூடும் இடத்தை அறிதல் தனியொருவர் திறமை. இரை வளரும் இடத்தைக் காத்தல் கூட்டுப் பொறுப்பு. கூட்டுறவு அங்கத்தினர்கள் தங்கள் தொழிலில் நன்கறிந்த உண்மையே இது.