மூங்கில் உண்டியலும் மடக்குக் கட்டிலும்

1999 செப்டம்பர் 21. நள்ளிரவு கடந்து 1 மணி 47 நிமிடம். தைவானின் நடுப்பகுதியில், நான்டோ மாவட்டத்தின் ஜிஜி என்ற சிற்றூருக்கு அருகே பூமி புரண்டது. தைவான் அளவையில் 7.3. செலுங்பு நிலப்பிளவு நெடுகிலும் தரை கிழிந்து, சில இடங்களில் ஒரு பக்கம் மட்டும் பல மீட்டர் மேலே எழும்பிவிட்டது. 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். 11,000 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். இடிந்து போன வீடுகள் 50,000-ஐத் தாண்டின. தைவான்காரர்கள் இன்றும் அதைத் தேதியாலேயே குறிப்பிடுகிறார்கள்: 'ஒன்பது இருபத்தொன்று'.

2024 ஏப்ரல் 3, காலை 7 மணி 58 நிமிடம். இம்முறை கிழக்குக் கரையில், ஹுவாலியன் நகருக்கு அருகே. அளவு 7.2. இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தத் தீவு கண்ட மிகப் பெரிய நடுக்கம் அதுதான். இறந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் மலைப்பக்கம் பாறை சரிந்து மாண்டவர்கள்.

இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு நடுக்கத்தின் இடமும் நேரமும் ஒரு காரணம். 1999-க்குப் பிறகு கட்டட விதிகள் இறுகின. பழைய பள்ளிகளை அரசு வலுப்படுத்தியது. அந்தப் பெருமை பொறியாளர்களையும் அரசையும் சேரும். நான் இங்கே எண்ணிப் பார்ப்பது அதற்கு அடுத்த கட்டத்தை. வீட்டை இழந்து வெளியே வந்து நிற்பவரை யார், எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை. தைவானில் அந்த இடத்தில் கால் நூற்றாண்டாக நிற்பவர்களில் முக்கியமானவர்கள் ட்சூ ச்சி என்ற பௌத்த அமைப்பினர். பிக்குணி செங் யென் 1966-இல் தொடங்கிய அமைப்பு அது. தலைமையிடம், 2024-இல் அதிர்ந்த அதே ஹுவாலியன்.

1999-இல் மின்சாரம் தீவின் பெரும்பகுதியில் அறுந்து போயிற்று. தொலைபேசி இல்லை. தைச்சுங்கிலும் நான்டோவிலும் இருந்த ட்சூ ச்சி தொண்டர்கள், தங்கள் வீட்டுச் சுவரே விரிசல் விட்டிருந்த நிலையில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தெருவுக்கு வந்தார்கள். நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பெரிய இரும்புச் சட்டிகளையும் எரிவாயு உருளைகளையும் திறந்தவெளியில் இறக்கி, விடிவதற்குள் அடுப்பு மூட்டினார்கள். சூடான சைவ உணவு கிடைத்தது. இடிபாடுகளின் அருகே சடலங்கள் வரிசையாகக் கிடத்தப்பட்ட இடங்களில், இறந்தவர்களுக்காக அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, உறவினரின் தோளைப் பிடித்தபடி நின்றார்கள். அவசரச் செலவுக்கான பணத்தை உறையிலிட்டு, இரு கைகளாலும் நீட்டி, தலை தாழ்த்திக் கொடுத்தார்கள். பெறுபவரைவிடக் கொடுப்பவர் தாழ்ந்து குனிய வேண்டும் என்பது அவர்களிடம் இன்றும் மாறாத வழக்கம்.

ஆனால் இரவு வந்தபோது படுக்க என்ன இருந்தது? விளையாட்டுத் திடலின் புல், பூங்காவின் சிமெண்டுத் தரை, காரின் பின்னிருக்கை, மேலே ஒரு தார்ப்பாய். அன்று பசியாற்றுவது நிவாரணம். படுக்கைக்கும் மறைவுக்கும் நிவாரணத்தின் கணக்கில் பெரிய இடமில்லை.

2024-இல் ஹுவாலியனின் ஜோங்ஹுவா தொடக்கப் பள்ளியில், நடுக்கம் நின்ற சில மணி நேரத்துக்குள், குடும்பத்துக்கு ஒன்றாகத் தடுப்புக் கூடாரங்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே மடக்குக் கட்டில், போர்வை. உடை மாற்ற ஒரு மறைவு, குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மறைவு, யாரும் பாராமல் அழுவதற்கும் ஒரு மறைவு. அந்த ஆண்டு ஜனவரியில்தான் நோட்டோ தீபகற்ப நிலநடுக்கத்தைச் சந்தித்திருந்த ஜப்பானியர்கள், இந்தப் படங்களைப் பார்த்து வெளிப்படையாக வியந்தார்கள். நகர நிர்வாகமும் பல அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை அது. ட்சூ ச்சியின் கூடாரங்களும் கட்டில்களும் அதில் பெரும்பங்கு.

அந்தக் கட்டிலுக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. 2010-இல் பாகிஸ்தானைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது, ஈரத் தரையில் தாயும் குழந்தையும் கிடந்த காட்சியைக் கண்டு செங் யென் மனம் பொறாமல், தரையிலிருந்து மனிதரை உயர்த்தும் ஏதாவது வேண்டும் என்று தம் தொண்டர்களிடம் கேட்டார். பல மாதிரிகள் செய்து பார்த்த பின் இன்றைய வடிவம் வந்தது. காற்று புகவும் நீர் வடியவும் துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பலகைகள். மடித்தால் பெட்டிபோல் ஒருவர் கையில் தூக்கிச் செல்லலாம். திறந்து இழுத்தால், கருவி எதுவும் வேண்டாம், கட்டிலாகிவிடும். வயதானவர் ஈரத் தரையிலிருந்து கையூன்றி எழும் வேதனையைப் பக்கத்தில் இருந்து கண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும்.

சோற்றின் கதையும் அப்படித்தான். சட்டியும் அடுப்பும் போய்ச் சேர முடியாத இடங்களுக்காக உலர்சோறு ஒன்றைச் செங் யெனின் மடத்துப் பிக்குணிகள் உருவாக்கினார்கள். சுடுநீர் ஊற்றி மூடி வைத்தால் இருபது நிமிடத்தில் உண்ணலாம். பச்சைத் தண்ணீரிலும் ஊறும், நேரம் மட்டும் கூடும். போர்வையோ, தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழையாக்கி நெய்தது. அந்தப் பாட்டில்களில் ஒரு பகுதியைத் தரம் பிரிப்பவர்கள் ட்சூ ச்சியின் மறுசுழற்சி நிலையங்களில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். 1990-இல் தைச்சுங்கில் நடந்த ஒரு கூட்டத்தில், கைதட்டும் கைகளால் குப்பையைப் பிரியுங்கள் என்று செங் யென் கேட்டுக்கொண்டதில் தொடங்கிய வேலை இது.

என்றாலும், ஒன்பது இருபத்தொன்றை நினைக்கும்போது என் மனம் அதிகம் நிற்பது முதல் வாரத்து அவசரத்தில் அல்ல. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில். முதலில் தற்காலிக வீடுகள். 1,700 குடும்பங்களுக்கு மேல் குடியேற ட்சூ ச்சி கட்டிக் கொடுத்தது. ஒவ்வொன்றும் 12 பிங், அதாவது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். தற்காலிகம்தானே என்று குறுக்கிவிடவில்லை. இடிந்த வீட்டிலிருந்து வந்தவர் ஓரிரு ஆண்டு வாழப் போகும் இடம் அது. அங்கேயும் குழந்தை படிக்க வேண்டும், கிழவர் கால் நீட்ட வேண்டும்.

பிறகு பள்ளிகள். நடுக்கம் பின்னிரவில் வந்ததால்தான் பிள்ளைகள் வகுப்பில் இல்லை. பகலில் வந்திருந்தால் என்ற எண்ணமே தாங்க முடியாதது. வகுப்பறை வரிசையும் அதன் முன்னால் நீண்ட தாழ்வாரமுமாக, தாழ்வாரத்தின் வெளி ஓரத்தில் தூணில்லாமல் எழுந்திருந்த பழைய கட்டடங்கள் பல இடங்களில் மடிந்து விழுந்திருந்தன. சுமார் 50 பள்ளிகளை மீண்டும் எழுப்பும் பொறுப்பை ட்சூ ச்சி ஏற்றது. ஒரு மத அமைப்பு இத்தனை பொதுப் பள்ளிகளைக் கட்டியதும், அவற்றை அரசிடமே ஒப்படைத்ததும் பெரிய செய்தி. இரும்புச் சட்டகத்தைச் சுற்றிக் கான்கிரீட் வார்க்கும் முறையைத் தேர்ந்தார்கள். செலவு கூடுதல். ஆனால் நிலநடுக்கத்தில் எல்லாம் விழுந்தாலும் பள்ளி நிற்க வேண்டும், ஊரார் வந்து ஒதுங்க அது இருக்க வேண்டும் என்பதில் செங் யென் இறங்கி வரவில்லை.

அந்தக் கட்டுமான இடங்களில் புகை இல்லை, மது இல்லை, பாக்கு இல்லை. தைவானில் கட்டடத் தொழிலாளியின் வாயில் பாக்கு இல்லாமல் பார்ப்பது அரிது. மேஸ்திரிகள் முதலில் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் தொண்டர்கள் தடை போட்டதோடு நிற்கவில்லை. தினமும் தேநீரும் சைவச் சாப்பாடும் சமைத்துக் கொண்டு வந்து, அவர்கள் கையில் கொடுத்துப் பரிமாறினார்கள். சிறு கூழாங்கல் தெரியும் சாம்பல் நிறச் சுவர்கள் எழுந்தபின், கடைசி வேலை முற்றத்துக்கு. சிமெண்டு பூசி மூடாமல், மழைநீர் இடுக்கில் இறங்கும்படி ஒன்றோடொன்று கோக்கும் கற்களைப் பாவினார்கள். மணலைச் சட்டம் கொண்டு சமன் செய்து, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, அடுத்த கல். வங்கி அதிகாரிகளும் கடைக்காரர்களும் குடும்பப் பெண்களும் முழங்காலிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை அதில் செலவிட்டார்கள். மண் மூச்சுவிட வேண்டும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம்.

கூடாரம் சில மணி நேரத்தில் எழும் இன்றைய நாளில் இந்தப் பகுதியைத்தான் நான் ஏக்கத்தோடு பார்க்கிறேன். வேகம் வந்த இடத்தில் முழங்காலிடும் நேரம் குறைந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்ல முடியுமா என்பதும் தெரியவில்லை. ஈரத்தில் கிடப்பவருக்கு வேகமே கருணை. பெறுபவருக்கு வந்த லாபம் ஐயமில்லாதது. இழப்பு ஏதும் உண்டென்றால், அது கொடுப்பவர் பக்கத்தில் இருக்கிறது.

ட்சூ ச்சியின் தொடக்கத்தைப் பார்த்தால் அது விளங்கும். 1966-இல் முப்பது இல்லத்தரசிகளிடம் மூங்கிலை அறுத்துச் செய்த உண்டியல் கொடுக்கப்பட்டது. காலையில் காய்கறி வாங்கக் கிளம்பும் முன் அதில் 50 சென்ட், அதாவது அரை தைவான் டாலர் போட வேண்டும். மாதத்துக்குப் பதினைந்து டாலராக ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் எளிதாயிற்றே என்று கேட்டார்கள். செங் யென் ஒப்பவில்லை. பணம் ஒன்றுதான்; ஆனால் தினம் ஒருமுறை பிறர் துயரை நினைப்பது அதில் விட்டுப்போய்விடும். பிக்குணிகளும் காணிக்கையில் வாழவில்லை. குழந்தைக் காலணி தைத்துப் பிழைத்தார்கள். ஒவ்வொருவரும் தினம் ஒரு ஜோடி கூடுதலாகத் தைத்து, அந்தக் காசை ஏழைகளுக்கு வைத்தார்கள்.

அந்த அரைக் காசு, 1986-இல் ஹுவாலியனில் மருத்துவமனையாயிற்று. பிறகு கல்லூரி, தொலைக்காட்சி, பல நாடுகளில் கிளைகள். இன்று நன்கொடை வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகவே போய்ச் சேர முடியும். கொடுத்தவருக்கு அது கொடுத்த நினைவே இல்லாமலும் இருக்கலாம். பெரிதானதற்கு வேறு விலையும் இருந்தது. தைபேயின் நெய்ஹு பகுதியில், பாதுகாக்கப்பட்ட நிலத்தில் திட்டமிட்ட கட்டுமானம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. கணக்குகளின் வெளிப்படைத்தன்மை பற்றியும் நாடு தழுவிய கேள்வி எழுந்தது. 2015 மார்ச்சில் அமைப்பு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மூங்கில் உண்டியல் காலத்தில் யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். போட்டவருக்கும் பெற்றவருக்கும் இடையில் ஒரு தெருதான் இருந்திருக்கும். கோடிகள் புழங்கும்போது கேட்பது மக்களின் உரிமை. கேட்டது நல்லதுதான்.

1999-இல் தொடர்வண்டி நிலையங்களிலும் சந்தைகளிலும் நன்கொடைப் பெட்டியோடு நின்ற ட்சூ ச்சிப் பெண்கள், ஒரு மாதம் முன்புதான் துருக்கிக்காக அதே பெட்டியோடு நின்றிருந்தார்கள். அந்த ஆகஸ்ட் 17 நடுக்கத்தில் துருக்கியில் 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கோ இருக்கும் நாட்டுக்கு ஏன் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஐந்து வாரத்தில் தைவானின் இடிபாடுகளுக்குத் துருக்கியின் மீட்புக் குழு வந்து இறங்கியது.

2023 பிப்ரவரி 6-இல் துருக்கி மீண்டும் அதிர்ந்தது. இம்முறை அங்கே மட்டும் 50,000 பேருக்கு மேல் போனார்கள். 1999-இல் தைவானிலிருந்து விமானமேறிப் போய்க் கொடுத்தார்கள். 2023-இல் இஸ்தான்புல்லில் ட்சூ ச்சி நடத்திய பள்ளியைச் சார்ந்த சிரிய அகதிகளே, அதே நீலச் சட்டையில், போர்வையையும் பொருள் வாங்கும் அட்டையையும் கொடுத்தார்கள். நாட்டை இழந்த முஸ்லிம் ஆசிரியர்கள், வீட்டை இழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு, ஒரு பௌத்தப் பிக்குணியின் பெயரில்.

தைவானில் மூங்கில் உண்டியலோடு வளர்ந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. செங் யென் பிறந்தது 1937-இல். அன்று சட்டி தூக்கியவர்கள் பலர் இன்று பாட்டில் பிரிக்கும் முக்காலியில். ஆனால் அந்தத் தினசரிப் பழக்கம் எதிர்பாராத இடத்தில் முளைத்திருக்கிறது. 2008-இல் நர்கிஸ் புயல் மியான்மரின் வயல்களை உப்புநீரில் ஆழ்த்திய பிறகு ட்சூ ச்சி கொடுத்த விதைநெல்லைப் பெற்ற விவசாயிகளில் ஒருவர், உண்டியல் கதையைக் கேட்டுவிட்டு, தம்மிடம் காசு இல்லை என்பதால் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார். நம் வீடுகளில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைத்த பிடியரிசியேதான். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியது. சேர்ந்த அரிசி உள்ளூரிலேயே இல்லாதவர்களுக்குப் போயிற்று. 2025 மார்ச் 28-இல் 7.7 அளவு நிலநடுக்கம் அதே மியான்மரின் மாண்டலேயையும் சகாயிங்கையும் சிதைத்தபோது, நிவாரணத்தோடு அங்கே போனவர்களில் யாங்கோன் பக்கத்துத் தொண்டர்களும் இருந்தார்கள்.