தொங்கு காது நாய்களின் செவிப் பாதுகாப்பு

தோட்டக் காவலுக்கும் களத்துமேட்டுக் காவலுக்கும் நாய் வளர்ப்போர் அதன் உயரத்தையும் குரலையும் பார்த்தே தேர்ந்தெடுப்பது வழக்கம். இராக்காவலுக்கு முதற் கருவியாவதோ அதன் செவி. வேலிக்கப்பால் சருகு மிதிபடும் ஓசையைக் கேளாத நாய் குரைப்பது எங்ஙனம்? அப்படியிருந்தும், மாட்டின் குளம்பையும் மடியையும் நாள்தோறும் கவனிக்கும் குடியானவர், நாயின் காது மடலைத் தூக்கிப் பார்ப்பது அரிதாகவே உள்ளது.

விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நாய்க்குக் காது மடிந்து தொங்குவது இயல்பு. நிமிர்ந்த காதினுள் காற்று தடையின்றிச் சென்று வரும். தொங்கு காதிலோ மடலே மூடிபோல் அமைந்து, வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே நிறுத்திவிடுகிறது. மேலும், நாயின் காதுக் குழல் நேரானதன்று. அது முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் உட்புறமாகத் திரும்பிச் செவிப்பறையை அடைகிறது. அந்தத் திருப்பத்தில் தேங்கிய நீர் எளிதில் வெளிவராது. நலமுள்ள காதிலும் காளான் இனத்து நுண்ணுயிர்களும் பாக்டீரியாக்களும் சிறிதளவு உண்டு. ஈரம் நிலைத்தால் அவை பெருகி, அரிப்பும் துர்நாற்றமும் சீழும் உண்டாகின்றன.

ஆகவே, முதற்கடமை உலர வைத்தலே. நாயைக் குளிப்பாட்டிய பின்பும், அது வாய்க்காலிலோ பம்புசெட்டுத் தொட்டியிலோ இறங்கி எழுந்த பின்பும், மடலைப் புரட்டி, உலர்ந்த மெல்லிய துணியால் உட்புறத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் காதைப் பார்ப்பதும் முகர்வதும் நலம். வெளிறிய இளஞ்சிவப்பு நிறமும் சிறிது குறும்பியும் இருப்பின் குறையொன்றுமில்லை. அக்காதைக் கழுவவும் வேண்டுவதில்லை. சுத்தமான காதை அடிக்கடி கழுவுவதாலேயே தோல் புண்படுவதுண்டு.

அழுக்கு மிகுந்திருந்தால், கால்நடை மருத்துவர் கொடுக்கும் காது கழுவும் நீரைக் குழல் நிறைய விட்டு, காதின் அடிப்பாகத்தை அரை நிமிடம் மெல்லப் பிசைந்து, பின் நாயைத் தலையை உதற விடலாம். மேலே வந்த அழுக்கை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் இயல்பாகச் செல்லுமளவு மட்டும் துடைத்தல் வேண்டும். குச்சியில் பஞ்சு சுற்றிக் குடைவது அழுக்கை உள்ளேயே தள்ளும். வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் முதலியவற்றைக் காய்ச்சி ஊற்றும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. எண்ணெயில் அழுக்கு ஒட்டிக் குழலை அடைப்பதோடு, உள்ளிருக்கும் புண்ணும் மருத்துவர் கண்ணுக்கு மறைகிறது. சென்ற முறை மிஞ்சிய மருந்தை விடுவதும் தவறு; செவிப்பறை கிழிந்திருக்குமானால் சில மருந்துகள் கேள்விப்புலனையே கெடுத்துவிடும்.

நோயின் வகையை ஓரளவு குறிகளால் அறியலாம். ஒரு காதை மட்டும் திடீரெனச் சாய்த்து ஓயாது உதறினால், புல்லின் ஊசிபோன்ற விதை உட்புகுந்திருத்தல் கூடும். அறுவடைக்குப்பின் வரப்புகளில் திரியும் நாய்களிடம் இதை நினைவில் வைத்தல் வேண்டும். இரு காதுகளிலும் காப்பித்தூள் போன்ற கரிய பொருள் இருந்தால், பெரும்பாலும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத காதுச் சிற்றுண்ணி காரணமாகலாம். இது பூனைக்கும் பரவுமாதலால், வீட்டிலுள்ள நாய் பூனை யாவற்றிற்கும் ஒருங்கே சிகிச்சை செய்தல் வேண்டும். மடலில் ஒட்டிய பெரிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்கலாம். மண்ணெண்ணெயும் நெருப்பும் கூடா. உண்ணிகள் சுவர் வெடிப்புகளிலும் தங்குவதால், நாயை மட்டும் கவனிப்பதால் பயனில்லை. ஓயாது உதறுவதால் மடலினுள் இரத்தக் குழாய் சிதைந்து, மடல் தலையணைபோல் வீங்குவதுண்டு. அதை வீட்டில் குத்தி வடிக்கலாகாது. நாய் தலையைச் சாய்த்தபடி தள்ளாடினால் நோய் உட்செவியை எட்டியிருக்கக்கூடும். அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுதல் அவசியம்.

வெண்ணிற இராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாயிருக்கும். இது காதின் அழுக்கால் வருவதன்று. உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாமையால் நேர்வது. எந்த மருந்தும் இதைத் தீர்க்காது. ஐந்து வாரங் கழிந்த குட்டியின் பின்புறம் நின்று, அது காணாதவாறு கை தட்டிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். செவிட்டு நாயை இனவிருத்திக்கு விடலாகாது. விலைக்குக் கொடுப்போர் இக்குறையை மறைப்பதும் முறையன்று.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. காது வலியுள்ள நாய் தலையைத் தொட்டாற் சீறும், கடிக்கவும் கூடும். அதனாலேயே அதை வெறிநாய் என்று கருதி அடித்துவிடுதல் தகாது. காது வலிதான் என்று எண்ணி அருகிற் செல்வதும் ஆபத்து. காரணமின்றிக் கடித்தல், எச்சில் வழிதல், குரல் மாறுதல் ஆகியவை தோன்றினால், நாயைத் தொடாமல் அடைத்து வைத்து, கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். கடிபட்டவர் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.