பதாகையில் இல்லாதவர்கள் எங்கே போகிறார்கள்?

உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாள் யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்று வந்தால், பாடசாலை வாசல்களிலும் தனியார் கல்வி நிலையங்களின் மதில்களிலும் பதாகைகள் தொங்கும். மாணவரின் படம், மூன்று ஏ, மாவட்ட நிலை, அதன் கீழே ‘மருத்துவபீடம்’ அல்லது ‘பொறியியற்பீடம்’.

அன்றைக்கு யாருக்கும் எந்தப் பீடமும் கிடைத்திருக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை வெளியிட மாதங்கள் செல்லும். பதாகையில் இருப்பது முந்திய வருட வெட்டுப்புள்ளியை வைத்துப் போட்ட கணக்கு.

மூன்று ஏ என்பதும் அனுமதியைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒவ்வொரு பாடத்திலும் மற்றப் பரீட்சார்த்திகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதே அது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒரே புள்ளி கொழும்பில் போதாமலும் முல்லைத்தீவில் போதுமானதாகவும் இருப்பது இதனால்தான்.

இவ்வளவையும் தாண்டி உள்ளே போவோர் எத்தனை பேர்? 2022 உயர்தரப் பரீட்சையில் 1,66,000க்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இருப்பதோ சுமார் 45,000 இடங்கள். தகுதி பெற்ற நாலு பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் வேறு வழி பார்க்கவேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. கோப்பாய், வவுனியா, தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்று வருடப் பயிற்சி: இரண்டு வருடம் விடுதியில், மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறுபயில்வு. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமா. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம். என்.வி.க்யூ. படிகளில் ஏறி ஏழாம் மட்டத்தில் பட்டம்வரை போகலாம். வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம்.

சிக்கல் வேறு இடத்தில். கல்வியியற் கல்லூரிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். முடிவு திகதியும் அதில் இருக்கும். பெறுபேற்றோடு பாடசாலைக்கும் பிள்ளைக்குமான தொடர்பு அறுந்துவிடுவதால், ‘மூன்று எஸ்’ எடுத்தவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. பதாகையில் வராதவர் வெட்கத்தில் பாடசாலைப் பக்கமே போகமாட்டார். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்புவதைக்கூடப் பலர் தொடர்பாடல் நிலையக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். ஒழுங்கு பிழைத்தால், விரும்பிய பாடத்துக்குப் புள்ளி போதுமாக இருந்தும் வேறொன்றுக்குப் போகவேண்டி வரும்.

எனக்குக் கலைப்பீடம் கிடைத்தது. ஊடகக் கற்கை படிக்கப் போகிறேன் என்றபோது உறவினர் ஒருவர் கேட்டது இவ்வளவுதான்: “அப்ப திரும்ப எடுக்கேல்லையோ?” வாழ்த்துவதற்கு அது ஒரு செய்தியாகவே அவருக்குத் தெரியவில்லை.

பதாகை கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். ஆனால் பழைய மாணவர் சங்கங்கள் அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து, வெட்டுப்புள்ளி வந்த பிறகு ஒரு நாள் அந்த வருட மாணவர் எல்லோரையும் திரும்பக் கூப்பிடலாம். மருத்துவபீடம் போகிறவரும் வெல்டிங் படிக்கப் போகிறவரும் ஒரே மேடையில் எழுந்து, தாங்கள் போகும் இடத்தைச் சொல்லட்டும். மூன்றாம் தடவை பரீட்சை எடுக்கப் போகிறவருக்கும் அங்கே ஒரு கதிரை போடவேண்டும்.