டிரங்குப் பெட்டியில் கிடைத்த யுத்தகாலப் பத்திரம்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது, கிரயப் பத்திரங்களுக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு காகிதம் கிடைக்கும். தொகை பத்து ரூபாய். ஓரத்தில் மங்கிப்போன தபால் ஆபீஸ் முத்திரை. இது லட்சக்கணக்கில் போகும் என்பார் ஒருவர். செல்லாக்காசு, கிழித்துப் போடு என்பார் இன்னொருவர். இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். காகிதத்தைப் பொறுமையாகப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் தலைப்பு. தபால் ஆபீஸ் கேஷ் சர்டிபிகேட் என்றிருந்தால், அது முதல் உலகப் போரின்போது 1917-ல் தொடங்கிய திட்டம். போர் முடிந்த பிறகும் விற்பனை தொடர்ந்ததால், தலைப்பை மட்டும் பார்த்து வயதைச் சொல்லிவிட முடியாது. முத்திரையில் உள்ள தேதிதான் சாட்சி. டிஃபென்ஸ் சேவிங்ஸ் சர்டிபிகேட் என்றிருந்தால் 1940-ல் வந்த பத்தாண்டுப் பத்திரம். நேஷனல் சேவிங்ஸ் சர்டிபிகேட் என்றும் பன்னிரண்டு ஆண்டு என்றும் போட்டிருந்தால் 1943 அக்டோபரில் தொடங்கிய வகை. போரால் விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மக்கள் கையில் புழங்கிய பணத்தை இழுத்துக்கொள்வதும் அரசின் நோக்கமாக இருந்தது.

பலரும் தடுமாறுவது தொகையில்தான். கேஷ் சர்டிபிகேட்டில் அச்சிட்ட தொகை, முதிர்வில் கிடைக்கும் தொகை. வாங்கியவர் அதைவிடக் குறைவாகவே கட்டியிருப்பார். மற்ற இரண்டிலும் அச்சிட்டிருப்பது கட்டிய தொகை. 1943-ல் பத்து ரூபாய்க்கு வாங்கிய நேஷனல் சர்டிபிகேட் 1955-ல் பதினைந்து ரூபாய். டிஃபென்ஸ் சர்டிபிகேட்டில் போட்ட பத்து ரூபாய், பத்து ஆண்டில் 13 ரூபாய் 9 அணா. முதிர்ந்த பிறகு இத்தனை ஆண்டுக்கும் வட்டி குட்டி போட்டுக்கொண்டே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

டிஃபென்ஸ் பாண்டு, விக்டரி லோன் என்ற பெயர்கள் இருந்தால் அது வேறு இனம். அவை அரசு வாங்கிய கடனுக்கான பத்திரங்கள். கணக்கு ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகத்தில் இருந்தது. பின்பக்கத்தில் வட்டி கொடுத்த விவரம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தால் அதைத் தபால் ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பயனில்லை.

இனி முத்திரை. விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத ஊர்ப்பெயர், முத்திரை அழுந்திய பள்ளத்தின் நிழலில் எழுந்து வரும். ஊரும் தேதியும் தெரிந்தால் குடும்பக் கதையில் ஒரு கதவு திறக்கும். உதாரணமாக, 1940 அக்டோபர் 17-ல் வினோபா பாவே தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். பிரிட்டிஷாரின் போருக்கு ஆளாகவோ பணமாகவோ உதவுவது தவறு என்பதே அதன் முழக்கம். அதே ஆண்டில்தான் டிஃபென்ஸ் சேவிங்ஸ் சர்டிபிகேட்டும் விற்பனைக்கு வந்தது. உங்கள் தாத்தா அதை ஏன் வாங்கினார்? சர்க்கார் உத்தியோகமா, மேலதிகாரியின் நெருக்குதலா, மகள் கல்யாணத்துக்கான சேமிப்பா? வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். சந்தை விலையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

பணம் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. பத்திரம், வாங்கியவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றோடு தலைமைத் தபால் ஆபீசில் எழுத்துமூலம் கேளுங்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அதற்கு முன், பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தோ ரத்து முத்திரையோ பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்கு அன்றே தீர்ந்தது.

சேகரிப்பாளர்கள் பார்ப்பது வேறு: எத்தனை அரிது, மடிப்பில் கிழிந்திருக்கிறதா, ஊர் முத்திரை தெளிவாக இருக்கிறதா. சிலர் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலை விலையல்ல. ஏலத்தில் உண்மையில் போன விலையைப் பாருங்கள். ஒருவர் சொன்னதை வைத்து விற்காதீர்கள், இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். அதுவரை செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டுமே காகிதத்தைப் பாழாக்கும். இருபக்கமும் படமெடுத்துக்கொண்டு, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, அமிலமில்லாத தாள்களுக்கு இடையே வெயில் படாத இடத்தில் வையுங்கள்.