பழைய காரின் தரைத் தகட்டுக்கு ஏற்ற சீலன்ட் எது?

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் நம் வணிக அன்பர்களில் சிலர் அதை இன்னும் விடவில்லை, நாமும் விடவில்லை. அவசரத்துக்கு நாலு மூட்டையை ஏற்றிக்கொண்டு வர அந்த வண்டிக்கு ஈடு ஏது? ஆனால் நாம் ஏற்றுவது உப்பும் வெல்லமும். இரண்டும் ஈரத்தை இழுப்பவை. சிந்தியது கால்மிதிக்கு அடியில் தங்கி, தரைத் தகட்டைத் துரு தின்றுவிடுகிறது.

இந்த வண்டிக்கு லாரிபோலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே ஓட்டை விழுந்த இடத்தைச் சீலன்ட் பூசி மூடுவது வேலைக்கு ஆகாது. அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும். சீலன்ட் என்பது தகடும் தகடும் சேரும் மூட்டுக்கு உரியது. அந்த மூட்டு வழியே தண்ணீர் மட்டுமல்ல, அடியில் ஓடும் சைலன்சர் குழாய் கசிந்தால் அதன் புகையும் உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, ஆளையே சாய்த்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிங்கரிங் கடையில் நம் வண்டிக்குக் குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைப் பூசிவிட்டார்கள். விலை குறைவு என்று நாமும் தலையாட்டினோம். காடி வாடை அடித்தது. அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிடிக் அமிலம் வெளிவரும். வெறும் இரும்பில் அதுவே துருவுக்கு வித்து. மேலே பெயின்ட்டும் ஒட்டாது. அடுத்த மழையில் ஒரு மூட்டை சர்க்கரை நனைந்து போனது. மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விட்டது.

தார்ப் பூச்சு நாளாவட்டத்தில் காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் புகுந்த தண்ணீர் வெளியேறாது. பிசைந்து ஒட்டும் எபாக்சி கல்லாக இறுகிவிடும். வண்டி குலுங்கும்போது மூட்டிலிருந்து விட்டுவிடும்.

ஏற்றது பாலியூரித்தேன் சீலன்ட். கடையில் 'பாடி சீம் சீலன்ட்' என்று கேளுங்கள். காய்ந்த பிறகும் ரப்பர்போல வளைந்து கொடுக்கும், பெயின்ட் பிடிக்கும். எம்.எஸ். பாலிமர் என்பதும் நல்லதே, விலை சற்று கூடும்.

பூசும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். வெல்டிங் முதலில் முடிய வேண்டும்; பிறகு செய்தால் அந்தச் சூட்டில் சீலன்ட் கருகிவிடும். பெட்ரோலோ டீசலோ போகும் குழாய் அடியில் ஓடுவதால் வெல்டருக்கு முன்பே சொல்லி வையுங்கள். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டும். சீலன்ட் அதன் மேல்தான். பெயின்ட் கடைசியில். தரையில் தண்ணீர் வடிவதற்கென்றே உள்ள துளைகளை அடைத்துவிடாதீர்கள். அவற்றுக்கு ரப்பர் மூடி போதும். இந்தச் சீலன்ட் காற்றின் ஈரத்தால் மேலிருந்து உள்ளே மெதுவாக இறுகும். கனமாகப் பூசினால் உள்ளே முழுவதும் காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை கதவுகளைத் திறந்து வைத்து, கால்மிதியை விரிக்காமல் இருப்பது நல்லது.

டியூபின் மேல் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். நம் கடைச் சரக்குக்குப் பார்க்கிறோமே, அதே கண்ணோடு! பிரித்த டியூப் வைத்திருந்தால் உள்ளேயே இறுகிவிடும். ஆகவே அளவு பார்த்து, ஒரே நாளில் தீர்க்கும்படி வாங்க வேண்டும்.