கால்நடை வைத்தியக் கல்லூரியில் சேர விழையும் குடியானவர் பிள்ளைகள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில், மேல்நிலைப் படிப்பை முடிக்குந் தறுவாயிலுள்ள பிள்ளைகள் கால்நடை வைத்தியம் கற்க விரும்புவது இந்நாளில் அபூர்வமன்று. இவ்விருப்பத்தைச் செவியுறும் பெற்றோர் இருவகையாகத் தவறுகின்றனர். சிலர், "மாட்டு வைத்தியம் ஒரு படிப்பா?" என்று இகழ்ந்து பிள்ளையின் மனத்தை முறிக்கின்றனர். வேறு சிலர் மனமுவந்து சம்மதித்து, அன்று முதலே பிள்ளை கொட்டிலின் பக்கம் செல்லலாகாதென்றும், புத்தகமும் கையுமாகவே இருக்கவேண்டுமென்றும் கட்டளையிடுகின்றனர். முதலாவது தவறு யாவரும் அறிந்ததே. இரண்டாவதே அதிகக் கேடு பயப்பது என்பது நமது அபிப்பிராயம்.

இகழ்வோர் பொருட்டுச் சில வார்த்தைகள் சொல்லி மேற்செல்வோம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்று வேப்பேரியில், 'டாபின் ஹால்' என்னும் சிறு கட்டிடமொன்றில் 20 மாணவர்களுடன் ஆரம்பமாயிற்று. 1935-ல் அது சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டது. இந்தியாவில் கால்நடை வைத்தியத்திற்குப் பட்டம் அளிக்கும் உரிமை பெற்ற முதற் கல்லூரி அதுவே. 1952-ல் அங்குத் தேறிய சக்குபாய் ராமச்சந்திரன் அம்மையார் நம் தேசத்தின் முதற் பெண் கால்நடை வைத்தியர்களுள் ஒருவர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் அடையும் இராணிப்பேட்டையில் 1932-ல் ஏற்பட்ட நிலையம், வெக்கை நோயைத் தடுக்கும் மருந்துகளைத் தயாரித்து வந்தது. ஒரு காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டு போன அந்நோய், 1995-க்குப் பின் இந்தியாவில் தோன்றவில்லை. 2011-ல் உலகத்தினின்றே ஒழிந்ததாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மனிதன் அடியோடு ஒழித்த வியாதிகள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று இது. இதனைச் சாதித்த தொழிலை இழிவென்பாரோடு வாதிப்பதிற் பயனில்லை.

இனி, இடம் கிடைக்கும் வழியைக் கவனிப்போம். வேப்பேரிக் கல்லூரி 1989-ல் ஸ்தாபிக்கப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் அதற்குக் கல்லூரிகள் உண்டு. மாநில ஒதுக்கீட்டுக்குரிய இடங்கள் மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. உயிரியலுக்கு 100, பௌதிகத்திற்கு 50, இரசாயனத்திற்கு 50, ஆக 200 என்று கணக்கிட்டு, ஜாதிவாரி இடஒதுக்கீட்டின்படி வரிசைப்படுத்துவர். நூற்றுக்குப் பதினைந்து இடங்களை மட்டும் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம் 'நீட்' தேர்வைக் கொண்டு நிரப்புகின்றது. பாதி மதிப்பு உயிரியலுக்கே என்பதனால், பதினோராம் வகுப்பில் அப்பாடத்தை விட்டு வேறு பிரிவிற் சேர்ந்த மாணவனுக்குக் கதவு அன்றே அடைபட்டுவிடுகிறது. அப்பிரிவைத் தெரிந்தெடுக்கும் நாளில் தகப்பனார் பள்ளிக்கூடத்திற்கு நேரில் போவது நலம்.

அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு, 2021-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏழரை சதவிகித இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. சிறிது செல்வமுள்ள மிராசுதார்கள், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை இறுதி இரண்டு வருஷங்களுக்கு மட்டும் பட்டணத்துத் தனியார் பள்ளியிற் சேர்ப்பதுண்டு. அப்படிச் செய்தால் இவ்வுரிமை போய்விடும். பணமும் செலவாகி உரிமையும் இழப்பதை விட, உள்ளூர்ப் பள்ளியிலேயே இருத்தி, உயிரியலுக்கு வேண்டிய உதவியைத் தேடித் தருவது மேலானது. கிராம நிர்வாக அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஜாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று ஆகியவை தாசில்தாரிடமிருந்து கிடைத்தாலும், விசாரணை ஆரம்பமாவது கிராமத்திலேயே. தேர்வு முடிவு வெளியானவுடன் எல்லோரும் ஒருங்கே வந்து மொய்ப்பர். பங்குனியிலேயே விண்ணப்பங்களை வாங்கி விசாரித்து அனுப்பிவிட்டால் இருசாராருக்கும் சௌகரியம்.

மதிப்பெண் வாங்கினால் போதும், இடம் கிடைத்துவிடும். மாட்டின் அருகே நிற்கத் தெரியுமா என்று எவரும் வினவுவதில்லை. ஆனால் உள்ளே சென்றபின் ஐந்தரை வருஷ காலம் அதுவே வினா. அவற்றுள் கடைசி ஒரு வருஷம் முழுவதும் வைத்தியசாலையிலும் பண்ணைகளிலும் நேரில் வேலை செய்யவேண்டும். பசு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என ஒவ்வொரு பிராணியின் எலும்பும் தசையும் உதிரக் குழாயும் வெவ்வேறாகக் கற்கவேண்டியிருக்கிறது. மனித வைத்தியம் பயில்வோனுக்கு ஒரே தேகம். இவனுக்கோ ஏழெட்டுத் தேகங்கள், அவற்றுள் ஒன்றேனும் தன் நோவைச் சொல்லாது. நள்ளிரவிற் கன்று திரும்பிக் கிடக்கும் பசுவின் கருப்பையிற் கையை நுழைத்து ஒரு நாழிகை நிற்கவும் நேரும். கொட்டிலை அறியாமலே வளர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பாடம் கடினமன்று, பயமே கடினம்.

இப்பயத்தைப் போக்கும் பயிற்சி நம் வீடுகளில் இலவசமாகக் கிடைக்கின்றது. மாட்டின் கண்கள் தலையின் இருபுறத்திலும் இருப்பதால், நேர் பின்புறம் நீங்கலாக ஏறக்குறைய எல்லாத் திசையையும் அது பார்க்கும். ஆகவே பின்னாலிருந்து ஓசையின்றி அணுகுபவனே உதைபடுகிறான். பக்கவாட்டிற் குரல் கொடுத்துக்கொண்டே சென்று, தோளில் முதலிற் கை வைக்கவேண்டும். தோளுக்குப் பின்புறமாக நின்று நெருங்கினால் மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்னே வந்தால் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும். நல்ல உழவன் கோலின்றி மாட்டை ஓட்டுவதன் இரகசியம் இவ்வளவே. கன்றைக் கயிற்றுக்குப் பழக்குவதும் இத்தகையதே. கயிற்றை இறுக்கிப் பிடித்து, கன்று ஓரடி எடுத்து வைத்த அக்கணமே தளர்த்தவேண்டும். தளர்வே அதற்குக் கூலி. தரதரவென்று இழுப்பவன் கன்றுக்கு இழுத்து நிற்கவே கற்பிக்கிறான். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வீதம் சில வாரங்கள் ஒரு கிடாரிக் கன்றைப் பழக்கிய மாணவன், கல்லூரியில் எந்தப் பிராணியின் முன்பும் நிதானம் இழக்கமாட்டான். லாடம் அடிப்போர் கயிற்றைச் சுற்றி எருதை நோகாமற் படுக்கவைக்கும் முறையையும், அத்தொழிலாளர் இன்னும் உள்ள ஊர்களில், அருகிருந்து பார்த்து வரச் சொல்லலாம்.

பழக்கத்தோடு அளவும் வேண்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் வெப்பமானி ஒன்றும் போதும். ஆரோக்கியமுள்ள பசுவின் உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். இடப்புற அடிவயிற்றுக் குழியில் முஷ்டியை அழுத்தி வைத்தால், இரண்டு நிமிஷத்திற்கு இரண்டு மூன்று தடவை இரைப்பை எழும்பித் தாழ்வதை உணரலாம். சினைக்கு வந்த தேதி, அடுத்து 21 நாள் கழித்து மீண்டும் வந்ததா இல்லையா, ஈன்ற நாள், நஞ்சுக்கொடி விழ எத்தனை மணி நேரம் ஆயிற்று, கோமாரித் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றை மாணவனே எழுதட்டும். பசுவுக்குச் சினைக் காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள் என்பதைப் புத்தகத்திற் படிப்பது வேறு, தன் கொட்டிலில் எண்ணிப் பார்ப்பது வேறு. இவ்வேலைக்குத் தினம் அரைமணிக்கு மேற் பிடிக்காது. படிப்பு கெடுமென்று அஞ்சவேண்டியதில்லை. உயிரியற் பாடத்தில் வரும் இரைப்பையும் கருப்பையும் எதிரில் நிற்கையில் மனப்பாடம் ஏன்?

ஒரு எச்சரிக்கை அவசியம். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட விடலாகாது. கருச்சிதைவு நோய் மனிதருக்கும் பரவும், அதன் காய்ச்சல் மாதக்கணக்கில் வாட்டும். வாயில் நுரை தள்ளும் மாட்டின் வாய்க்குள், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறதென்று எண்ணிக் கை விடுவதும் ஆகாது. அது வெறிநோயாக இருக்கலாம்.

நம் வட்டாரத்தில் 1960-களில் தொழிற்பேட்டையும் தொழிற்சாலைகளும் எழுந்தபின் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மாட்டை விற்றுவிட்ட நிலச்சுவான்தார்களும் பலர். அத்தகையோர் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் கறவைக்காரரிடம் விடுமுறை நாட்களிற் கைவேலை செய்தாலும் பயன் உண்டு. ஆவடியை அடுத்த அலமாதியில் மத்திய அரசாங்கத்தின் கால்நடைப் பெருக்கப் பண்ணை முர்ரா எருமைகளை வளர்த்து வருகின்றது. காட்டுப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. பூந்தமல்லிக்கருகிலுள்ள காட்டுப்பாக்கமென்று எண்ணிப் பஸ் ஏறிவிடவேண்டாம். இது காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கம்.

இடம் கிடைக்காதவர்க்கு அதே பல்கலைக்கழகத்தில் வேறு படிப்புகளும் உள. அலமாதியை அடுத்த கொடுவள்ளியில் உணவு, பால்வளத் தொழில்நுட்பங்களும், ஓசூரிற் கோழியினத் தொழில்நுட்பமும் பட்ட வகுப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன. கொடுவள்ளியிற் சேரக் கணிதம் வேண்டும். ஆதலின் பதினோராம் வகுப்பில் உயிரியலும் கணிதமும் சேர்ந்துள்ள பிரிவை எடுத்துக்கொண்ட மாணவனுக்கு இரண்டு வாயில்களும் திறந்திருக்கும்.